எரிபொருள் தடையும் இயந்திரத் தளர்ச்சியும்

(நேமத்தான்பட்டியில் கழக இளைஞர்களிடையே ஆற்றிய உரை)



வெள்ளி விழாக் காலத்தில் வாழ்த்துரையும் பாராட்டுரையும் நிகழ்தல் இயல்பு. அவற்றை வழங்கவல்ல சான்றோர் இம்மேடையில் பலர் உள்ளனர். நமக்கென ஒதுக்கப்பட்ட நேரத்தில் வேறொரு பொருளை எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். சிறிய விமானம் ஒன்றின் இயந்திரம் ஆற்றல் குன்றும்போது, அதன் எரிபொருள் வழியிலே நேர்ந்த பழுதை எவ்வாறு கண்டறிவது என்பதே அப்பொருள்.

நேமத்தான்பட்டிக்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியக்கலாம். நம் வட்டாரம் வானூர்திக்கு அயலான மண் அன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் செட்டிநாட்டில் விமான ஓடுபாதை அமைக்கப்பட்டது. காரைக்குடியைக் கல்வி நகரமாக்கிய கோட்டையூர் வள்ளல் அழகப்பச் செட்டியார், இலண்டனை அடுத்த கிராய்டனில் விமானம் ஓட்டப் பயின்று சான்றிதழ் பெற்றவர். ஜூபிடர் ஏர்வேஸ் என்னும் விமான நிறுவனத்தையும் நடத்தியவர். ஆயினும் அந்நாளில் அந்த விமானங்களை அண்ணாந்து பார்க்கும் உரிமை மட்டுமே நம் முன்னோர்க்கு இருந்தது. அவற்றின் இயந்திரத்தைத் திறந்து பார்க்கும் அறிவு அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது.

மறுக்கப்பட்டது என்பது வெறும் பேச்சன்று. அந்நாளைய இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் நம் மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931 ஜூனில் அவற்றைப் பதினொன்றாக விரித்தனர். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராயிருந்த ஹட்டன் இத்தடைகளைத் தம் நூலிலே பதிவு செய்துள்ளார். அப்பதினொன்றில் ஒன்று, நம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கலாகாது என்பது. இன்னொன்று, அவர்கள் மிராசுதார்களின் மாடுகளை மட்டுமே மேய்க்க வேண்டும் என்பது. அதே மண்ணில் ஒரு கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டு நின்று நிலைத்திருக்கிறது. ஆதலின் இவ்விழாவில் அறிவுப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுவதே பொருத்தமென்று கருதினோம்.

இயந்திரம் கேட்கும் மூன்று

நம் இளைஞர்களுள் வயலில் ஆயில் எஞ்சினை ஓட்டியவர்கள் உண்டு. டீசல் குழாயில் காற்றுப் புகுந்தால் எஞ்சின் திணறி நிற்பதையும், காற்றை வெளியேற்றிய பின் மீண்டும் ஓடுவதையும் கண்டிருப்பீர்கள். அந்த அனுபவமே இன்றைய பாடத்துக்குப் போதிய அடிப்படை.

பயிற்சிக்குப் பயன்படும் சிறு விமானங்களில் பெரும்பாலானவை பெட்ரோல் இயந்திரம் கொண்டவை. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கி, 1958இல் முதன்முதலாகப் பறந்த புஷ்பக் விமானத்தில் 90 குதிரைத்திறன் கொண்ட கான்டினென்டல் இயந்திரம் இருந்தது. செஸ்னா 172 வகையில் பல விமானங்கள் 150 அல்லது 160 குதிரைத்திறன் கொண்ட லைகமிங் இயந்திரத்தால் பறப்பவை. நான்கு சிலிண்டர்கள், இப்புறம் இரண்டும் அப்புறம் இரண்டுமாகப் படுத்திருக்கும். காற்றே அவற்றைக் குளிர்விக்கும்.

இயந்திரம் கேட்பன மூன்று: தக்க அளவில் எரிபொருள், தக்க அளவில் காற்று, தக்க நேரத்தில் மின்பொறி. எடையளவில் ஏறத்தாழ 15 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் சேர வேண்டும். பெட்ரோல் குறைந்தால் கலவை மெலியும்; மிகுந்தால் கலவை செறியும். இரண்டிலுமே ஆற்றல் குன்றும்.

மேலிறக்கை விமானத்தில் எரிபொருள் வரும் வழி எளியது. இறக்கைக்குள் இருக்கும் தொட்டியிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே கீழிறங்குகிறது. எத்தொட்டியிலிருந்து எடுப்பது என்று தீர்மானிக்கும் செலக்டர் வால்வைக் கடக்கிறது. நீரையும் கசடையும் தடுத்து நிறுத்தும் வடிகட்டிக் கிண்ணத்தைக் கடக்கிறது. பின்னர் கார்புரேட்டரின் மிதவை அறையை அடைகிறது. அங்கே காற்றுடன் கலந்து சிலிண்டருக்குள் புகுகிறது. இந்த வழியை ஆற்றுக் கால்வாயாக எண்ணிக்கொள்ளுங்கள். கடைமடைக்கு நீர் வரவில்லையெனில் கடைமடையை மட்டும் தோண்டிப் பயனில்லை. தலைமதகிலிருந்து நடந்து வர வேண்டும்.

தலைமதகிலிருந்து நடை

முதலில் செய்ய வேண்டியது கேட்டறிதல். ஆற்றல் குன்றியது எப்போது? புறப்படும்போதா, ஏறும்போதா, நெடுநேரம் பறந்த பின்னரா? சட்டென்று நின்றதா, மெல்லத் தளர்ந்ததா? விமானி சொல்வதையும் பதிவேட்டில் உள்ளதையும் படித்த பின்னரே கருவியைக் கையிலெடுக்க வேண்டும். நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்யச் சொன்ன வள்ளுவரின் முறை இயந்திரத்துக்கும் பொருந்தும்.

இரண்டாவது, தொட்டி. அளவுமானியின் முள்ளை மட்டும் நம்பாமல் அளவுகோலைத் தொட்டியில் விட்டுப் பார்க்க வேண்டும். பின்னர் அடியிலுள்ள வடிகாலிலிருந்து கண்ணாடிக் குவளையில் சிறிது பெட்ரோல் பிடிக்க வேண்டும். இத்தகைய இயந்திரங்களில் பெரிதும் பயன்படும் 100LL என்னும் விமானப் பெட்ரோல் நீல நிறமுடையது. நீர் அதைவிடக் கனமாதலின் அடியில் தங்கிக் கோடு பிரித்துக் காட்டும். இங்கே ஒரு நுட்பத்தைக் கருத்தில் கொள்ளுங்கள். குவளை முழுவதும் நீரே வந்துவிட்டால் பிரிவுக்கோடு தோன்றாது. தெளிவாக இருக்கிறதே என்று ஏமாந்து போகக்கூடும். ஆகவே தெளிவை மட்டும் பார்த்தல் போதாது. நிறத்தையும் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மூடியின் இரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் மழைநீர் தொட்டிக்குள் இறங்கும். பாதி நிரம்பிய தொட்டியின் உட்சுவரில் இரவுக் குளிரில் ஈரம் படிவதும் உண்டு.

மூன்றாவது, காற்றுத் துளை. தொட்டியிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அவ்விடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். அதற்கென ஒரு சிறு குழாய் உண்டு. வெளியில் நிறுத்தப்பட்ட விமானத்தில் அக்குழாயினுள் குளவி மண்கூடு கட்டிவிடும். அப்போது இயந்திரம் தொடக்கத்தில் நன்றாக ஓடும், சிறிது நேரத்தில் தளரும், நிற்கவும் செய்யும். தொட்டியின் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே பாயும். பிறகு இயந்திரம் பழையபடி ஓடும். கார்புரேட்டரைக் கழற்றி ஆயிரம் முறை துடைத்தாலும் இப்பழுது தீராது. ஒரு பிடி மண்ணால் குளவி கட்டிய கூடு ஒரு விமானத்தையே வீழ்த்தவல்லது.

நான்காவது, செலக்டர் வால்வும் வடிகட்டியும் குழாயும். கைப்பிடி உரிய இடத்தில் அழுத்தமாகப் பொருந்துகிறதா? வடிகட்டி வலையில் துருவோ இரப்பர்த் துணுக்கோ உள்ளதா? குழாய் எங்கேனும் நசுங்கியுள்ளதா? வெப்பக் குழாயின் அருகே சென்று சூடேறுகிறதா? கோடையில் சூடேறிய குழாயினுள் பெட்ரோல் ஆவியாகி, அந்த ஆவிக் குமிழே வழியை அடைத்துவிடுவதுண்டு.

ஐந்தாவது, அளந்தறிதல். பெட்ரோல் வருகிறது என்பது விடையாகாது. எவ்வளவு வருகிறது என்பதே விடை. கார்புரேட்டரில் சேரும் இடத்தில் குழாயைக் கழற்றி, ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் பாய்கிறது என அளக்க வேண்டும். எடையால் இறங்கும் அமைப்பில், புறப்படும்போது இயந்திரத்துக்குத் தேவையான அளவைப்போல் ஒன்றரை மடங்கு பாய வேண்டும் என்பது வடிவமைப்பு விதி. முழு ஆற்றலில் மணிக்கு 50 லிட்டர் குடிக்கும் இயந்திரம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 75 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 1.25 லிட்டர் வர வேண்டும். பள்ளியில் படித்த எளிய கணக்கு ஓர் உயிரைக் காக்கும் இடம் இது.

ஆறாவது, கார்புரேட்டர். மிதவை அறையின் ஊசி வால்வு ஒட்டிக்கொண்டால் பெட்ரோல் வராது. மூடாமல் நின்றுவிட்டால் வழிந்தோடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அது சான்று சொல்லும். கரி படிந்து கறுத்திருந்தால் கலவை செறிவு. வெளுத்திருந்தால் கலவை மெலிவு. தொடக்கத்தில் பெட்ரோல் பீய்ச்சும் பிரைமரின் கைப்பிடியைப் பூட்ட மறந்தாலும் கலவை செறிந்து, கரும்புகை தோன்றி, இயந்திரம் திணறும்.

ஏழாவது, பனிக்கட்டி. நம் நாட்டில் பனிக்கட்டியா என்று நகைக்க வேண்டா. கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து பாய்வதாலும், பெட்ரோல் ஆவியாவதாலும் வெப்பநிலை 30 பாகைக்கு மேலும் தாழக்கூடும். வெளியே 25 பாகை இருந்தால் உள்ளே உறைநிலைக்கும் கீழே போகும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்த ஈரம் கழுத்திலே உறைந்து வழியை அடைக்கும். நம் மழைக்கால வானம் இதற்குப் போதுமானது. இயந்திரத்தின் சுழற்சி மெல்ல மெல்லக் குறைதலே இதன் முதல் அறிகுறி. விமானி வெப்பக்காற்றை முழுவதும் திறந்தால் சுழற்சி முதலில் இன்னும் குறையும். பனி உருகி நீராக உள்ளே போகும்போது இயந்திரம் அதிரவும் செய்யும். பின்னர் தெளிந்து எழும். இதை அறியாதவன் முதல் அதிர்ச்சியிலேயே அஞ்சி வெப்பக்காற்றை மூடிவிடுவான். அவ்வச்சமே அவனுக்குக் கேடாகும். தரையிறங்கிய பின் பனி உருகி மறைந்துவிடுமாதலின், பழுதுபார்ப்போன் தேடும்போது தடயமே இராது. விமானியைக் கேட்டறிதலின் பயன் இங்கே விளங்கும்.

இவ்வேழும் சரியாயிருந்தால்தான் மின்பொறியையும் சிலிண்டரின் அழுத்தத்தையும் ஐயுற வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக்குகள். அவற்றுக்கு இரண்டு மாக்னெட்டோக்கள். ஒன்றை நிறுத்திப் பார்த்தால் சுழற்சி சிறிது குறையும். கையேட்டில் கண்ட எல்லையைக் கடந்து குறைந்தால் பழுது அந்தப் பக்கத்தில் உள்ளது. பொதுவாக எரிபொருள் குறை எல்லாச் சிலிண்டர்களையும் சேர்த்துத் தளர்த்தும். பிளக்கின் குறை ஒரு சிலிண்டரை மட்டும் தளர்த்தும்.

எச்சரிக்கை ஒன்று கூறாமல் அப்பால் செல்லலாகாது. இப்பணிகள் யாவும் உரிமம் பெற்ற பொறியாளரின் மேற்பார்வையில், கையேட்டின்படி நிகழ வேண்டியவை. பெட்ரோல் ஆவியருகே நெருப்பு ஆகாது. மின்கலத்தைக் கழற்றிவிட்டாலும் மாக்னெட்டோ தானே மின்சாரம் ஆக்கும். ஆதலின் சுழல்விசிறியை எப்போதும் உயிருள்ளதாகவே கருதி விலகி நிற்க வேண்டும்.

உலகம் கற்ற பாடங்கள்

எரிபொருள் வழியிலே நேர்ந்த சிறு குறைகள் உலகுக்குப் பெரும்பாடங்களைக் கற்பித்துள்ளன. 1983 ஜூலை 23 அன்று கனடா நாட்டின் போயிங் 767 விமானம் ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து, இரு இயந்திரங்களும் நின்றுபோயின. அளவுமானி பழுதுபட்டிருந்தது. கையால் போட்ட கணக்கில் கிலோகிராமுக்குரிய எண்ணுக்கு மாறாகப் பவுண்டுக்குரிய எண் நுழைந்துவிட்டது. தேவையான எரிபொருளில் பாதிக்கும் குறைவாகவே தொட்டியில் இருந்தது. விமானி திறமையாகச் சறுக்கி வந்து, கிம்லி என்னும் ஊரில் கைவிடப்பட்ட விமானத்தளத்தில் இறக்கினார். அதில் இருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர்.

எல்லோர்க்கும் அந்நற்பேறு வாய்ப்பதில்லை. 1997 அக்டோபர் 12 அன்று அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், தாமே ஓட்டிய சிறு விமானம் கலிபோர்னியாக் கடலில் விழுந்து இறந்தார். அவ்விமானத்தின் செலக்டர் வால்வு விமானியின் இடத்தோளுக்குப் பின்புறம் அமைந்திருந்தது. தொட்டியில் எரிபொருள் குறைவாயிருக்க, அவ்வெட்டாத கைப்பிடியைத் திருப்ப முயன்றதில் அவர் கவனம் சிதறி, விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்பது விசாரணையின் முடிவு. ஒரு கைப்பிடியை எங்கே வைப்பது என்பதும் உயிர்ப் பிரச்சினையே.

இனி ஒரு பெண்மணியின் வரலாறு. போர்க்காலத்தில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர்விமானங்கள் மூக்கைத் திடீரெனத் தாழ்த்திப் பாயும்போது அவற்றின் மெர்லின் இயந்திரம் திணறிற்று. மிதவை அறையிலிருந்த பெட்ரோல் மேல்நோக்கி வீசப்பட்டு, முதலில் வறட்சியும் பின்னர் வெள்ளமும் நேர்ந்தன. நேரடியாக எரிபொருளைப் பீய்ச்சும் இயந்திரம் கொண்ட ஜெர்மானிய விமானங்களுக்கு இக்குறை இல்லை. ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பீட்ரிஸ் ஷில்லிங் 1941இல் இதற்கொரு தீர்வு கண்டார். அத்தீர்வு துளையிட்ட ஒரு சிறு பித்தளைத் துண்டு மட்டுமே. முழு ஆற்றலுக்கு வேண்டிய பெட்ரோல் மட்டும் அத்துளை வழியே பாயும், மிகை பாயாது. அவரே மோட்டார் சைக்கிளில் விமானத்தளங்களுக்குச் சென்று அப்பணியை முன்னின்று நடத்தினார். அவர் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மகள். பெண்கள் பொறியியல் பயில்வது அரிதாயிருந்த காலத்தில் மான்செஸ்டரில் பயின்றவர். நம் பெண்மக்கள் இவ்வரலாற்றை நெஞ்சிற் பதித்துக்கொள்ள வேண்டும்.

பழியும் பழுதும்

இத்துணையும் கூறியதன் கருத்தென்ன? இயந்திரத்தில் குறை நேர்ந்தால் இரண்டு வழிகள் உண்டு. பழுதைத் தேடுவது ஒன்று. பழியைச் சுமத்துவது மற்றொன்று. பழியைச் சுமத்துவது எளிது. பணிமனையில் கடைசி நிலையில் நிற்கும் உதவியாளன் மேல் அதைச் சுமத்துவது இன்னும் எளிது. அவ்வுதவியாளன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் சமூகம் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த சுமைகளில் பழியும் ஒன்று. ஊரில் மழை பொய்த்தாலும் மாடு செத்தாலும் குற்றம் நம் வாசலுக்கே வந்தது.

முறையான ஆய்வு பழிக்கு இடந்தராது. தொட்டியில் பிடித்த மாதிரி இன்ன நிறம். நிமிடத்துக்கு இத்தனை லிட்டர். காற்றுத் துளையில் மண்கூடு. நாள், நேரம், கையொப்பம். இவ்வாறு எழுதப்பட்ட பதிவேட்டின் முன்னால் பிறப்பைக் காட்டி எவரும் வாதிட இயலாது. குவளையின் அடியில் நீர் நிற்கிறது என்று உதவியாளன் சொன்னால், தலைமை விமானியே ஆயினும் பறக்கக் கூடாது. அவன் சொல்லைப் புறக்கணித்தால் விழுவது விமானம். கற்றவனுக்கு இச்சொல்லுரிமை உண்டு. கல்லாதவன் குவளையைக் கழுவி வைப்பதோடு நின்றுவிடுகிறான். படிப்பு தரும் செல்வங்களுள் 'இது பறக்கத் தகுதியற்றது' என்று எழுதிக் கையொப்பமிடும் அதிகாரத்தைப் பெரிதென்று நாம் கருதுகிறோம்.

இதை முன்னரே உணர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1942இல் வைசிராய் லின்லித்கோவுக்கு அளித்த கோரிக்கை மனுவில், கலையும் சட்டமும் பயில்வதைக் காட்டிலும் அறிவியல், தொழில்நுட்ப உயர்கல்வியே நம் மக்களை உயர்த்தும் என்றும், அதன் செலவை அரசு ஏற்க வேண்டும் என்றும் வாதாடினார். 1944இல் தொடங்கப்பட்ட உயர்கல்வி உதவித்தொகையால் இன்றளவும் நம் பிள்ளைகள் பயன்பெறுகின்றனர்.

இளைஞர்க்குச் சில சொற்கள்

விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்தை வழங்குவது மைய அரசின் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம். மேனிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், கணிதம் பயின்றவர் அப்பயிற்சியில் சேரலாம். ஆனால் கட்டணம் பெரிது. விளம்பரம் அதனினும் பெரிது. எந்த நிறுவனத்திலும் பணம் கட்டுமுன், அது இயக்ககத்தின் ஒப்புதல் பெற்றுள்ளதா, அவ்வொப்புதல் நடைமுறையில் உள்ளதா என்பதை இயக்ககம் வெளியிடும் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாயில் பாயும் பெட்ரோலை அளப்பதுபோல் இதையும் அளந்தறிய வேண்டும். நகையை அடகு வைத்துக் கட்டும் பணம் அது.

நகை என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. இராமேசுவரத்து அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பயில இடம்பெற்றபோது, கட்டணத்துக்குப் பணமில்லை. அவருடைய தமக்கையார் ஜொகரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். படிப்பு முடிந்ததும் கலாம் பெங்களூர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்து விமான இயந்திரங்களைப் பிரித்துச் சீரமைக்கும் பணியைக் கற்றார். 1985இல் நம் மாவட்டம் பிரியும் வரை இராமேசுவரமும் நாமும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தினரே. நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்தவரும் தம் கையில் எண்ணெய்க் கறை படிய இயந்திரத்தைக் கற்றவரே என்பதை மறவாதீர்கள்.

அனைவரும் விமானத் தொழிலுக்கே செல்ல வேண்டும் என்பது நம் கருத்தன்று. மோட்டார் பணிமனையாயினும், மின்நிலையமாயினும், மருத்துவமனையாயினும் இம்முறை ஒன்றே: கேட்டறிதல், தொடக்கத்திலிருந்து வரிசையாகப் பார்த்தல், அளத்தல், எழுதி வைத்தல், கண்டதை அஞ்சாமல் உரைத்தல்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம் பிள்ளைகளுள் ஒருவன் படிப்பில் தளர்ந்தால், 'இவனுக்கு வராது' என்று கைவிட்டு விடாதீர்கள். அதுவும் பழியே. எந்த இடத்தில் வழி அடைத்திருக்கிறது என்று தேடுங்கள். கணக்கில் ஐந்தாம் வகுப்பிலேயே விட்டுப்போன பாடமா, கண்பார்வைக் குறையா, மாலையில் வேலைக்குச் செல்லும் களைப்பா, வகுப்பில் எவரேனும் சொன்ன சுடுசொல்லா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பல வேளைகளில் அடைத்திருப்பது ஒரு குளவிக்கூட்டின் அளவே இருக்கும். அதை எடுத்தெறியும் பணியைத்தான் இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்து வருகிறது. இனியும் செய்ய வேண்டும். அதற்கு உங்கள் ஒவ்வொருவரின் கையும் வேண்டும்.